அளவுத்தாள்

ஜெகதேவி சாலையில் ஆறாவது பட்டறை எங்களுடையது.
கறுப்புக் கல்லைக் கண்ணாடியாக்கிக்
கப்பலுக்கு அனுப்புகிறோம்.
நான் அளவு பார்க்கிறவள்.
மூன்றடி உயரம், இரண்டடி அகலம்,
நான்கு அங்குலக் கனம், தலைப்பக்கம் வளைவு:
தாளில் இப்படி இருந்தால் கல்லறைக்கு
என்று கண்டுகொள்ள இங்கிலீஷ் தேவையில்லை.

பதினொரு வருடமாக ஒரே ஊர்.
அதன் பெயர் முழுக்க மெய்யெழுத்து.
மாதையன் அதைத் தும்மிக் காட்டுவார்.
மாதம் ஒரு பெட்டி, இருபத்தெட்டுக் கல்.
கொரோனா வருடத்தில் மூன்று பெட்டி.
அங்கே ஒரு முகம்கூட எனக்குத் தெரியாது.
எத்தனை பேர் போனார்கள் என்பது மட்டும்
அந்த ஊர் நகராட்சிக்கு அடுத்தபடி
எனக்குத்தான் தெரியும்.

போன புரட்டாசியில் வந்த தாளில்
உயரம் பதினெட்டு அங்குலம். எண்ணிக்கை நாற்பது.
விளிம்பெல்லாம் மழுக்க வேண்டுமாம்.
இரண்டாம் பக்கம் அச்சாகவில்லை, மை தீர்ந்திருந்தது.

பதினெட்டு அங்குலம்.
ரம்பத்தை நிறுத்தினார் மாதையன்.
நஸீமா களிச்சட்டியை மூடி வைத்தாள்.
அவ்வளவு சின்னக் கல்லின் கீழே
யாரைப் படுக்க வைக்க முடியும்
என்று யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை.

மறுநாள் மை வந்தது, படமும் வந்தது.
சந்தைத் திடலைச் சுற்றிலும்
உட்காருவதற்கான கற்கள்.

அன்று எங்களுக்கு வேலையே ஓடவில்லை.
தெரியாத ஊருக்கு எதிர்காலம் சொல்ல
ஆளாளுக்குக் கிளம்பிவிட்டோம்.
"ராத்திரி பஸ் விடணும்," என்றார் மாதையன்.
"குழாயில தண்ணி…"
"அதெல்லாம் அங்க இருக்கும்டீ."
"அப்ப என்னதான் இல்ல?"
கிரேன் மேலிருந்து திம்மராஜு சொன்னார்:
"ஆளு."

பிறகு ஆட்களை வைத்தோம்.
பூட்டிய பள்ளியைத் திறந்து
முதல் வரிசையில் ஏழு பிள்ளைகள்,
ஏழும் ஏழு வீட்டு மொழியோடு.
பனி நின்ற பிறகு கல்லைத் துடைத்து உட்காரும் கிழவர்,
பக்கத்தில், வந்து நான்கே மாதமான ஒருத்தி.
அவளை எந்த ஊர் என்று அவர் கேட்கிறார்,
எப்போது திரும்புவாய் என்று கேட்கவில்லை.
மாதையன் மகள் பர்கூரில் ஜெர்மன் படிக்கிறாள்,
நர்சு வேலைக்கு.
அந்தக் கல்லில் அவளையும் உட்கார வைத்தோம்,
இரவுப்பணி முடிந்து, செருப்பைக் கழற்றிவிட்டு.
மாதையன் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.
கல்தூள் என்றார்.

நஸீமாதான் கெடுத்தாள்.
"அவங்க யாராச்சும் நமக்கு இப்படி யோசிப்பாங்களா?"

பட்டறைக்குப் பின்னால் மலை இருந்த இடத்தில்
பச்சைத் தண்ணீர் நிற்கிறது, எண்பதடி.
அதற்கு அளவுத்தாள் யாரும் அனுப்பவில்லை.
வீணான பலகையில் சாக்பீஸால் எழுதினேன்:
குழியைச் சுற்றி வேலி. இறங்கப் படி.
தூள் பறக்காத ஒரு மாசி மாதம்.
பஸ் நிற்கும் இடத்தில் நிழல், அதற்குக் கீழே…
அதற்குள் லாரி வந்துவிட்டது.

நாற்பதும் பெட்டியேறின.
நாற்பத்தொன்று அறுத்திருந்தோம்,
ஒன்றுக்கு மூலை போய்விட்டது.
எப்படிப் போனது என்று கேட்காமல்
முதலாளி கழிவில் எழுதச் சொன்னார், எழுதினேன்.

இப்போது அது பஸ் நிற்கும் இடத்தில் இருக்கிறது.
திம்மராஜு ராத்திரியில் இறக்கியது.
நிழல் இன்னும் இல்லை, மதியத்தில் சுடுகிறது.
உயரம் சரியாகப் பதினெட்டு அங்குலம்.
நாடா இல்லாமலே அளந்துவிட்டேன்,
ஐந்தே முக்கால் பஸ் வருகிறவரை.