ஒரு திருகாணி மிச்சம்

முதலில் வந்தது வெறும் பெட்டி.
பிப்ரவரி ஓவர்டைம்.
கண்ணாடிக் கதவு வழியே உள்ளே எட்டிப் பார்த்த அம்மா
"மீன் வளர்க்கப் போறியா" என்றாள்.
அப்புறம் மின்வழங்கி, நினைவகத் துண்டு இரண்டு,
சூயிங்கம் நீளத்தில் ஒரு சேமிப்புத் தகடு.
ஒவ்வொன்றும் ஒரு மாதத்தின் பெயரோடு
கட்டிலுக்கடியில் காத்துக் கிடந்தன.
ஆகஸ்டில் தாய்ப்பலகை.
போஸ் லாஜு ரஷிட், செம்பனை லோரிக்கு வழிவிட்டு
மோட்டாரைச் சாய்த்துக்கொண்டே கேட்டார், தமிழில்:
"இன்னும் எத்தனை, தங்கச்சி?"
ஒன்னே ஒன்னு.

கோலா கெட்டிலில் கடையா இல்லை?
ரெடிமேடாய் எடுத்தால் முந்நூறு வெள்ளி மிச்சம்,
ஒரு வருடம் வாரண்டி என்று
எதிர்வீட்டுச் செல்வராணி அக்கா கணக்குப் போட்டார்.
கணக்கு சரிதான்.
என்னிடம் பதில் இல்லை.
ஸ்க்ரூடிரைவர் இருந்தது.

நான் கூலிமில் சிப் பார்க்கிறவள்.
விடியுமுன் ஐந்து நாற்பதுக்கு பஸ்,
தலையோடு கால் வெள்ளை உடுப்பு,
மைக்ராஸ்கோப்புக்கு அடியில் நாளுக்கு நாலாயிரம்.
கீறல், கறை, கோணல்.
என் வேலையில் மொத்தமே மூன்று சொற்கள்.
பக்கத்து நாற்காலி நோர்ஹயாத்தியை
நாலு வருடமாய்த் தெரியும், கண்கள் மட்டும்.
கேன்டீனில் முழு முகத்தோடு வந்தால்
ஒரு நொடி யாரோ.
சிப்புகளும் அப்படித்தான்.
எங்கே போகின்றன, எதற்குள் உட்கார்ந்து எதைக் கூட்டிக் கழிக்கின்றன,
யாரும் சொன்னதில்லை.
நானும் கேட்டதில்லை.

ஞாயிறு இரவு.
சாப்பாட்டு மேசையைத் துடைத்துப் பழைய பேப்பர் விரித்தேன்.
மணிக்கட்டில் எர்த் பட்டை இல்லை.
ஃபேக்டரியில் அப்படித் தொட்டால் எச்சரிக்கைக் கடிதம்.
இங்கே ஜன்னல் கம்பியைத் தொட்டுக்கொண்டேன்,
தொட்டுத் தொட்டு, பேய் பிடித்தவள் மாதிரி.

கடைசியாய் வந்த சின்ன டப்பா.
உள்ளே வெள்ளிச் சதுரம்.
ஒரு மூலையில் தங்க முக்கோணம்.
முதுகில், கடுகளவு எழுத்தில்,
மலேசியா.

கையிலேயே வைத்திருந்தேன் கொஞ்ச நேரம்.
எங்கள் ஃபேக்டரி இல்லை, வேறு கம்பெனி.
ஆனாலும் யாரோ ஒருத்தி
கண் மட்டும் தெரிய உட்கார்ந்து
மூன்று சொல்லும் இதில் இல்லை என்று அனுப்பியிருக்கிறாள்.
பழக்கம் விடுமா?
விளக்கடியில் சாய்த்துப் பார்த்தேன்.
பாஸ்.

முக்கோணத்துக்கு நேரே முக்கோணம்.
அழுத்தக் கூடாது, தன் எடையில் தானே உட்காரணும்.
கொக்கியை இறக்கும்போது ஒரு நறநற,
பலகையா என் பல்லா தெரியவில்லை.
பச்சைப் பட்டாணி அளவு பசை,
அதன்மேல் விசிறி, மூலைக்கு மூலை மாற்றித் திருகல்.
முகப்புக் கம்பிகள் இருக்கின்றனவே,
எறும்புச் சட்டைக்குப் பொத்தான் தைப்பது மாதிரி,
அதற்கு ஒரு மணி நேரம், இரண்டு கெட்ட வார்த்தை,
ஒன்று மலாயில்.

பதினொன்றே காலுக்கு அழுத்தினேன்.
விசிறி சுற்றியது. திரை இருட்டு.
பீப். பீப். பீப்.
உள்ளேயிருந்து அம்மா:
"இந்நேரத்துல எந்த லோரிடி ரிவர்ஸ் எடுக்குது?"

நினைவகத் துண்டு,
ஒரு பக்கம் உட்கார்ந்து மறுபக்கம் எழுந்து நின்றது.
நாலு வருடமாய் உறிஞ்சுகுழலால் மட்டுமே எதையும் தொட்ட கை.
கட்டைவிரலை வைத்தேன்.
பயந்த அளவுக்கு அழுத்தினேன்,
அதற்கும் மேலே அழுத்தினேன்.
டக்.

கறுப்பில் வெள்ளையாய் ஒரு வரி:
தொடங்க எதுவும் கிடைக்கவில்லை.
பென் டிரைவ் வாங்க மறந்திருந்தேன்.
அழுகை வரவில்லை. இன்னொரு பக்கத்தைத் திறந்தால்
பெயர், வேகம், வெப்பம் எல்லாம் வரிசையாய்ச் சொல்கிறது,
முதல்நாள் வகுப்பில் எழுப்பிவிட்ட பிள்ளையாட்டம்.
நாற்பத்தொரு டிகிரி.

காற்றில் மில்லின் எண்ணெய்ப் புகை.
பேப்பர் மேல் ஒரு திருகாணி மிச்சம்,
எந்த ஓட்டைக்கு உரியதோ.
நோர்ஹயாத்திக்குக் கொண்டுபோய்க் காட்டணும்.
ஐந்து நாற்பதுக்கு பஸ்.
படுக்கப் போகவில்லை.
நாற்பத்திரண்டு.