கண்ணாடியில் இருபத்தேழு

புது வீட்டு எண் இருபத்தேழு.
பெரிய ரப்பரில் அதைச் செதுக்கினேன்,
விளக்கடியில், இரண்டு மாலைகள்.
போடோவில் இந்த மாதம்
மாலை மதியமே வந்துவிடும்.

பால் அட்டைப்பெட்டியை விரித்து
இலை வடிவில் ஓட்டைகள் வெட்டினேன்.
பாத்திரம் தேய்க்கும் பஞ்சில் நீலம் தொட்டு
பழைய அலமாரிக் கதவில் ஒற்றி ஒற்றி...
மூன்றாம் இலை ஓரம் கசிந்தது.
பஞ்சைப் பிழியவில்லை; பொறுமையில்லை.
"இலைக்கு வால் முளைச்சிருக்கு" என்றான் சிண்ட்ரே,
ஐந்து வயது.
"கண்ணும் வை."
வைத்தேன்.

பிறகு அட்டைகள். நாற்பது.
மை தொட்டு, அழுத்தி, மூச்சடக்கித் தூக்கினால்
இரண்டும் ஏழும் இடம் மாறி
முதுகு காட்டி நின்றன.
புரட்டித்தான் செதுக்க வேண்டும் என்று
எனக்குத் தெரியாதா? தெரியும்.
ஐவிண்டின் வீட்டைவிட்டு வந்த வாரத்தில்
தெரிந்ததெல்லாம் கைக்கு வந்து சேரவில்லை.

வேறு ரப்பர் இல்லை. கடை மூடியாயிற்று.
நாற்பதிலும் அப்படியே குத்தினேன்.
அடியில் பேனாவால்:
கண்ணாடியில் பார்க்கவும்.

செவ்வாய்க்கிழமை குன்வோர் கூப்பிட்டாள்,
குளியலறையிலிருந்து, வாயில் பற்பசை நுரையோடு,
சொல்லை முந்திக்கொண்டு சிரிப்பு.
தூர் லிஃப்டில் வாசித்தானாம்.
அவன் அம்மா, காரின் பக்கக் கண்ணாடியில்,
சிக்னல் பச்சையானது தெரியாமல்.

ஐவிண்ட் மட்டும் குறுஞ்செய்தி அனுப்பினான்:
எழுபத்திரண்டில் மீன்கடை அல்லவா இருக்கிறது?

பதில் போடவில்லை.
மிஞ்சிய மையை எடுத்துக்கொண்டு சிண்ட்ரே
ஃபிரிட்ஜ் முழுக்க
வீட்டு எண் குத்திக்கொண்டிருக்கிறான்.