சிவப்புத் துண்டு

பள்ளத்தூர்ச் சாலை நடுவே ஒரு குமிழி.
திங்கட்கிழமை சுண்டைக்காய்,
புதன்கிழமை பூசணிக்காய்,
வெள்ளிக்கிழமை குழி.
சைக்கிள் சக்கரம் பாதி முழுகும்.
பத்து நாளாய்க் குடத்துக்கு வராத தண்ணீர்
தெருவுக்கு வந்து
தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

ஏழாம் வகுப்பு உமையாள்
கோடு போட்ட தாளில் மனு எழுதினாள்.
'ஐயா' என்று தொடங்கி, அடித்து,
'ஐயா அல்லது அம்மா' என்றாள்.

பேரூராட்சியில் சொன்னார்கள்:
தெருக்குழாய் என்றால் நாங்கள்,
இது பெரிய குழாய், குடிநீர் வாரியம்.
வாரியத்தில் சொன்னார்கள்:
குழாய் எங்களுடையதுதான்,
மேலே கிடக்கும் தார் நெடுஞ்சாலைத் துறையுடையது.
கேட்காமல் கொத்தினால் வம்பு.
நெடுஞ்சாலைத் துறையில்
சாப்பாட்டு நேரம்.

காத்திருந்தாள்.
அரசாங்கம் என்றால் ஒரே ஆள் என்று
நேற்றுவரை நினைத்திருந்தாள்.
இது நம்ம ஊர்ப் பெரிய வீடு மாதிரியல்லவா இருக்கிறது!
முகப்பில் நின்று கூப்பிட்டால்
வளவு தாண்டி, இரண்டாங்கட்டு தாண்டி
அடுப்படிக்குக் கேட்பதற்குள் தொண்டை வறண்டுவிடும்.
ஆனாலும் உள்ளே ஆள் இருக்கிறது.
மூன்று இடத்திலும் கேட்டு வாங்கினாள்
மூன்று ரசீது.

அன்றிரவு மின்சாரம் இல்லை.
ஊருணியில் கருவேலம் வெட்டிவிட்டு
டார்ச் அடித்துக்கொண்டு வந்தார்கள்
நாட்டு நலப்பணித் திட்டப் பிள்ளைகள் நாலுபேர்.
குழியைப் பார்த்தார்கள்.
அடைக்க அவர்களிடம் ஆயுதம் இல்லை,
அதிகாரமும் இல்லை.
ஒரு கொம்பை நட்டு, சுற்றிலும் கல் அடுக்கி,
ஒருவன் தோளில் கிடந்த சிவப்புத் துண்டை
உச்சியில் கட்டினான்.
விடியற்காலை பால்காரர் மொபெட்
ஒரு முழம் விலகிப் போனது.
அவ்வளவுதான் அவர்கள் செய்தது.
அவ்வளவும் அவர்கள் செய்தது.

செவ்வாய்க்கிழமை
மூன்று அலுவலகமும் ஒரே குழியைச் சுற்றி நின்றன.
டேப் பிடித்தது நெடுஞ்சாலை,
லாரியில் குடிதண்ணீர் கொண்டுவந்தது பேரூராட்சி.
பிட்டர் கருத்தான் கழுத்தளவு இறங்கி
எதையோ தூக்கி எறிந்தார்.
வளையல் அளவு ரப்பர் வளையம், தேய்ந்தது.
"இதுக்குத்தான் இத்தனை பேரா?"
உதவிப் பொறியாளர் ஜெயசீலி
சேற்றுச் செருப்போடு சிரித்தார்.
"இதுக்குத்தான். ரசீது நம்பர் சொல்லு,
முடிஞ்சதுன்னு எழுதணும்."

வளையம் இப்போது
உமையாளின் ஜாமெட்ரி பெட்டியில்.
துண்டைத் துவைத்துக் கொடியில் போட்டிருக்கிறாள்,
பத்து நாளாக.
கட்டியவன் பெயர் எந்த ரசீதிலும் இல்லை.
இதற்கு எந்த அலுவலகத்தில்
மனுக் கொடுப்பது?