ஐவரில் ஒரு கை

மூன்றாவதாக இறங்குவேன்.
பதினாறு பருவங்கள், தொண்ணூற்று நான்கு ஆட்டங்கள்,
ஆறாயிரத்துச் சொச்சம் ஓட்டங்கள்.
அந்தச் சொச்சம் என்னவென்று மிருதுளாவைக் கேட்டால் சொல்வாள்,
பால் பாக்கி சொல்வது போல.

கௌஹாத்தியில் டிசம்பர் என்றால்
ஆற்றிலிருந்து ஏறிவந்த மூட்டம்
பத்தரை மணிவரை பிட்ச்சின் மேல் படுத்திருக்கும்.
காலில் பேடு கட்டிக்கொண்டு
அது எழுந்து போகட்டும் என்று உட்கார்ந்திருப்போம்.
என் இளமையின் பெரும்பகுதி அப்படித்தான்,
ஆடத் தயாராக, ஆடாமல்.

அந்த ஆண்டு மும்பையோடு ஆட்டம்.
மதிய இடைவேளையில் நான் நாற்பத்தொன்று.
தேர்வாளர் இருவர் மீன் குழம்பு சாப்பிட்டார்கள்.
ஒருவர் என் தோளைத் தட்டி
"நம்பகமான ஆட்டம், பூக்கன்" என்றார்.
தேநீருக்குள் நூறு.
மட்டையை உயர்த்திக் கூடாரத்தைப் பார்த்தேன்.
இரண்டு நாற்காலியும் காலி.
ஒன்றின் கீழே காகம் ஒன்று
முள்ளைக் கொத்திக்கொண்டிருந்தது.
கடைசி விமானம் நாலரைக்காம்,
பிறகு சொன்னார்கள்.
நூற்று நாற்பத்து மூன்றில் அவுட்.
மறுநாள் பேப்பரில் என் பெயரில் ஓர் எழுத்துப் பிழை.

அணி அறிவிக்கும் நாட்களில்
ரயில்வே பண்டகசாலையில்
என் மேசையைத் தொலைபேசிப் பக்கம் நகர்த்திக்கொள்வேன்.
ஒருமுறை மணி அடித்தது.
திப்ரூகருக்கு அனுப்பிய சிமென்ட்
இன்னும் போய்ச் சேரவில்லையாம்.

நாற்பத்தெட்டு வயதில் ஒரு கோட்டு கொடுத்தார்கள்,
மார்பில் சின்னம் வைத்தது.
தோள் கொஞ்சம் பெரிசு.
தைத்துக் குறைக்கலாம் என்றாள் மிருதுளா.
வேண்டாம் என்றேன், ஏன் என்று தெரியவில்லை.

அகர்தலாவில் அந்தப் பையனைப் பார்த்தேன்.
பிகாஷ் ஜமாத்தியா, இருபத்திரண்டு வயது,
இவனும் மூன்றாவது ஆள்.
ஆஃப் ஸ்டம்ப்புக்கு வெளியே வந்த பந்துகளை
ஒரு மணி நேரம் விட்டான்.
கடன்காரனுக்குக் கதவு திறக்காத வீடு போல
சத்தமே இல்லாமல் விட்டான்.
இருபத்து மூன்று. எண்ணினேன்.
விட்ட பந்துக்கு ஸ்கோர் புத்தகத்தில் பத்தி கிடையாது.

எழுபத்தொன்றில் இருந்தான்.
வெளியே சுபல் ஹாரன் அடித்தான்.
விமானத்துக்கு நேரமாகிறது.
மறுபடியும் அடித்தான்.
எழுந்து போய், நீ கிளம்பு என்று
வண்டியை அனுப்பிவிட்டு வந்து உட்கார்ந்தேன்.
இரண்டாவது பந்து.
மட்டை விளிம்பு, ஸ்லிப், கேட்ச்.

தலையைக் குனிந்து வந்தவன்
படியேறும்போது நிமிர்ந்தான்.
நாற்காலியில் ஆள் இருந்தது.
உயர்த்திக்காட்ட அவனிடம் ஒன்றும் இல்லை.

மும்பையில் ஐந்தாவது மாடி.
குளிர்ச்சாதனம், தேநீர், ஐந்து பேர்.
பதினாலு பெயர் எழுதியாயிற்று.
மீதி ஓர் இடத்துக்கு
டிவியில் சிக்ஸர் அடிக்கும் டெல்லிப் பையனும் இவனும்.
இரண்டுக்கு இரண்டு.
"ஜமாத்தியாவை நேரில் பார்த்தது நீங்கள்தான்.
சொல்லுங்கள்."

இருபத்து மூன்று பந்துகளைச் சொல்ல வாயைத் திறந்தேன்.
"நம்பகமான ஆட்டக்காரன்" என்று வந்தது.
சத்தியமாகப் பாராட்டத்தான்.

தலைவர் தலையசைத்தார்.
அந்தச் சொல்லுக்கு இந்த அறையில் என்ன பொருள் என்று
அவருக்குத் தெரியும், எனக்கும் தெரியும்,
என்னைவிட யாருக்குத் தெரியும்?
"அப்போ அடுத்த வருஷம் பார்க்கலாம்."
இல்லை, நான் சொன்னது அது இல்லை என்று
சொல்ல நேரம் இருந்தது.
பேனா மூடுகிற அளவுக்கு நேரம்.
என் கை மேசைக்கு அடியில்
கோட்டில் சிந்திய பிஸ்கட் தூளைத்
தட்டிக்கொண்டிருந்தது.

வீட்டில் பயணப்படி விண்ணப்பம் நிரப்புகிறேன்.
எட்டாவது கேள்வி:
விமானத்தைத் தவறவிட்டதன் காரணம்.
மிருதுளா தோளுக்கு மேலாகப் பார்க்கிறாள்.

மூட்டம் என்று எழுதினேன்.
அன்று அகர்தலாவில்
நல்ல வெயில்.