பொக்கை

பகலில் பல் செய்கிறேன்.
பீல் நகரில், ரயில் நிலையத்துக்குப் பின்னால்,
மூன்றாம் மாடிக் கூடத்தில்
முகம் தெரியாதவர்களின் ஈறுகள்
பெட்டி பெட்டியாக வந்திறங்கும்.
யார் இரவில் பல்லை நெறுநெறுக்கிறார்கள்,
யார் இடப்பக்கம் மட்டும் மெல்லுகிறார்கள்,
எல்லாம் தெரியும் எனக்கு. பெயர்தான் தெரியாது.

இரவில் ஓடு செய்கிறேன்.
எங்கள் கட்டடத்தின் அடியில்
ஒரு சாண் தடித்த இரும்புக் கதவோடு காப்பறை.
வராத போருக்கென்று கட்டி
உருளைக்கிழங்கும் பனிச்சறுக்குப் பலகையும் வைத்திருக்கிறார்கள்.
வந்த போரில் பங்கருக்குள் இருந்தவள் நான்.
அதைப் பற்றி இங்கே சொல்ல ஒன்றுமில்லை,
குளிரில் சாந்து நிதானமாக இறுகும் என்பதைத் தவிர.

ஓடு கேட்டவர் ரேத்தோ, பேருந்து ஓட்டுநர்.
முன்பல்லுக்கு நிறம் பார்க்க வந்தவர்
என் மேசையில் கிடந்த மாதிரி ஓட்டைக் கண்டு
வாயை மூட மறந்தார்.
பிறகு கைபேசியில் ஒரு பழைய படத்தை நிறுத்திக் காட்டினார்.
நாயகன் வீட்டுக்குள் வருகிறான்.
சாவியை மேசையில் போடுகிறான்.
பின்னால் சுவர். பதினொரு நொடி.
"இந்தச் சுவர் வேண்டும். என் வீட்டு நடையில்.
முப்பத்தாறு ஓடு."
கதை என்ன என்றேன்.
நினைவில்லை என்றார்.

பதினொரு நொடியை ஒரு மாதம் பார்த்தேன்.
சதுரத்துக்குள் சதுரம்,
வலது மூலையில் படியிறங்கும் வரி,
படியடியில் நிழல் தேங்க ஒரு பள்ளம்.
கடலுக்கப்பால் ஒரு குன்றில்
பேர்போன வீடொன்றின் ஓடாம் அது.
படக்காரர்கள் பார்த்து வார்த்தது நகல்,
திரை அதற்கு நகல்,
திரைமேல் அடிமட்டம் வைத்து நான்.
அசலைக் கண்ட கண் எங்கள் தெருவில் ஒன்றுமில்லை.

களிமண்ணில் செதுக்கி, அச்செடுத்தேன்,
ஈறுக்கு ஊற்றும் அதே நீலச் சிலிக்கோனில்
(களவில்லை, சம்பளத்தில் கழித்தார்கள்).
வெள்ளைச் சீமெந்து, சலித்த மணல்,
ஒரு கரண்டி மஞ்சட்காவி.
வியாழன்தோறும் வார்ப்பு.
வியாழன் திருமதி ஆஷ்லிமானின் சலவை நாள்.
பக்கத்து அறையில் அவர் இயந்திரம் சுழன்றால்
என் மேசை அதிரும்,
அச்சுக்குள் ஒளிந்த குமிழிகள் தாமாக மேலெழும்.
கிழமைக்கு மூன்று. பன்னிரண்டு கிழமை.
தான் பங்காளி என்று இன்றுவரை அவருக்குத் தெரியாது.

முப்பத்தாறையும் சாய்த்து வைத்து
விளக்கைப் பக்கவாட்டில் பிடித்த இரவு
கண்டேன்:
எல்லா ஓட்டிலும், ஒரே இடத்தில்,
இரண்டாம் படியின் நுனியில்
சின்னதாய் ஒரு பொக்கை.

திரையில் மிகத் தெளிவாய்த் தெரிந்த ஓட்டைத்தானே
பார்த்துச் செதுக்கினேன்.
அது உடைந்த ஓடு.
படப்பிடிப்பில் எவனோ ஏணியைச் சாய்த்திருப்பான்.
அவன் அவசரத்தை
முப்பத்தாறு முறை
பயபக்தியோடு வார்த்திருக்கிறேன்.

சிரிப்பு வந்தது.
காப்பறை அதைத் திருப்பித் தந்தது,
ஒரு கூட்டமே பொக்கை வாயால் சிரித்ததுபோல.

பிறகென்ன, தெரிந்த வேலை.
மெழுகு செதுக்கும் சிறு கரண்டியால்
ஒவ்வொன்றாய் அடைத்தேன், விளிம்பு சீவினேன்.
"வடிவாய் ஆ காட்டு" என்று
ஒரு ஓட்டிடம் சொல்லியும் விட்டேன், யாருமில்லைத்தானே.
முப்பத்தைந்து.
கடைசி ஒன்றை அடைக்கக் கை வரவில்லை.

ஒட்டி முடித்தது ஒரு ஞாயிறு.
ஞாயிறென்றால் இங்கே ஆணி அடிக்கக் கூடாது,
பசை சத்தம் போடாது.
பொக்கை எந்த வரிசையில் என்று நான் சொல்லவில்லை.
விழுந்த பல்லின் இடத்துக்கு நாக்கு போவதுபோல
ரேத்தோவின் கண் நேரே அங்கே போனது.
ஒன்றும் கேட்கவில்லை.
வெளியே போய்க் கதவைச் சாத்தினார்.
திறந்தார். உள்ளே வந்தார்.
சாவியை மேசையில் போட்டார்.

நான் மனதுக்குள் எண்ணத் தொடங்கினேன்.
ஒன்பதில் தும்மிவிட்டார்.
சீமெந்துத் தூசி
இன்னும் அடங்கியிருக்கவில்லை.