ஸ்ட்ரெச்சர் திரும்புமா

ஆண்டாப் ஹில்லில் எங்கள் கட்டடத்தை இடித்து
ஏழு வருடம் ஆகிறது.
அந்த இடத்தில் இப்போது தண்ணீர் நிற்கிறது,
பில்டரின் பலகை நிற்கிறது.
பலகையில் ஒரு வெள்ளைக்காரக் குடும்பம்
எங்கள் பால்கனியில் காபி குடிக்கிறது.

அதைப் பார்த்துத்தான் ஜெபசீலி கேட்டாள்:
"இவர்கள் இங்கே வந்துவிட்டால்
அங்கே இவர்கள் வீடு
காலியாகத்தானே கிடக்கும்?"

வேடிக்கையாகத்தான் தொடங்கியது.

வடாலா வாடகை வீட்டின் ஃபிரிட்ஜ் கதவில்
தெற்கு ஐரோப்பாவின் வரைபடம்.
பிடித்த ஊர்களின் மேல்
மைக்ரோபோர் டேப்பைக் கிள்ளிக் கிள்ளி ஒட்டினாள்.
முப்பத்தொரு வருட நர்ஸ்.
வீட்டில் சர்க்கரை தீரும், டேப் தீராது.

சிசிலியில் ஒரு மலையூர்.
நான்கு அறை, ஓர் எலுமிச்சை மரம்.
தாதரில் கார் நிறுத்த ஒரு கட்டம் வாங்கும் காசுதான்.
இதை நான் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னேன்,
மீன்காரியிடம்கூட.
"அங்கே பொம்பில் கிடைக்குமா?" என்றாள் அவள்.

போர்ச்சுகலில் பார்த்த வீட்டுக்கு
மழைக்காலத்தில் சுவர் வேர்க்குமாம்.
சுவர் வேர்ப்பதைப் பார்க்க
அவ்வளவு தூரம் போவானேன்.

கிரேக்கத் தீவுக்கு வாரம் இரண்டு படகு,
காற்றடித்தால் அதுவும் இல்லை.
"வெள்ளிக்கிழமை ராத்திரி நெஞ்சு வலித்தால்?"
டேப்பைப் பிய்த்தாள்.
கூடவே பாதிக் கடலும் பிய்ந்து வந்தது.

ஸ்பெயின் கிராமத்தில் ஆகஸ்ட் மாதம்
தண்ணீர் லாரி வரும் என்று ஒரு படம்.
அதை மட்டும் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள்,
லாரிக்குப் பின்னால்
குடங்கள் வரிசையில் இருக்கின்றனவா என்று.

நேற்று ராத்திரி பத்தரைக்கு வீடியோ கால்.
இங்கே மழை. அங்கே இன்னும் வெயில்.
தரகர் பெயர் கார்மேலோ, ஐம்பது வயதிருக்கும்.
மொட்டைமாடிக்கு ஏறி மூச்சு வாங்கக் கடலைக் காட்டினார்,
வேட்டிக் கரைபோல் தூரத்தில் ஒரு நீலம்.
நான் உருகிவிட்டேன்.
யூரோவை ரூபாயாக்கி வைத்திருந்த தாள்
கையிலேயே நனைந்துவிட்டது.

"படியைக் காட்டுங்கள்" என்றாள் ஜெபசீலி,
வார்டில் பழகிய ஆங்கிலத்தில்.
காட்டினார். குறுகலான கல்படி,
நடுவில் ஒரு திருப்பம்.
"இந்தத் திருப்பத்தில் ஸ்ட்ரெச்சர் திரும்புமா?"

நெட்வொர்க் போய்விட்டது என்று நினைத்தேன்.
போகவில்லை.

"திரும்பாது" என்றார் கார்மேலோ.
"அம்மாவைச் சமையலறை நாற்காலியில் உட்காரவைத்து
நான்கு பேர் இறக்கினோம்.
தெருவில் நான் ஒருவன்தான் இருந்தேன்.
மூன்று பேரை
பக்கத்து ஊரிலிருந்து கூப்பிட வேண்டியிருந்தது."

"அப்போது இது உங்கள் வீடா?"

பதில் சொல்லாமல் போனைத் திருப்பினார்.
கோரை பின்னிய நாற்காலி,
ஒரு காலில் துணி சுற்றியிருந்தது.
"இதுவும் வீட்டோடு சேர்த்தி" என்றார்.

"கீழ்ப்பக்கம் பிடித்தது யார்?
பாரமெல்லாம் அங்கேதான் இறங்கும்."
"நான்தான்."
"இடுப்பு இப்போது எப்படி இருக்கிறது?"

அதற்குப் பிறகு இருபது நிமிடம்
விலையைப் பற்றி யாரும் பேசவில்லை.
அவர் போனைச் சாய்த்து வைத்துவிட்டுத்
தரையில் மல்லாந்து படுத்தார்,
இவள் எண்ணினாள்,
முழங்காலை மடக்கு, பிடி, விடு,
பாவம் அந்த மனுஷன் மூச்சை அடக்கி
இத்தாலிய மொழியில் கூடவே எண்ணினார்.

நாலரைக்குக் குழாயில் தண்ணீர் வரும்.
மோட்டார் போட நான்தான் இறங்குவேன்.
எங்களுக்கு நான்காவது மாடி.
லிஃப்ட் மார்ச் மாதத்திலிருந்து மூன்றிலேயே நிற்கிறது.
இரண்டாம் மாடித் திருப்பத்தில்
யாரோ ஒரு சைக்கிளைச் சாய்த்து வைத்திருக்கிறார்கள்.
இன்று அங்கே கொஞ்சம் நின்றேன்,
இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்துக்கொண்டு.

மேலே வந்தால் அவள் பக்கெட்டுகளோடு நிற்கிறாள்.
சிசிலியில் ஒட்டிய டேப்பைப் பிய்க்கவில்லை.
அதன் மேலேயே இன்னொன்று, குறுக்காக,
ஊசி எடுத்த இடத்தில்
பஞ்சை வைத்து ஒட்டுவதுபோல.