ஏழு ஐம்பது

கொடியில் விறைத்துப்போன துணி நாப்கின்களை
பலகை அடுக்குவதுபோல் அடுக்கி எடுத்து வருகிறேன்.
ஒன்று கதவில் முட்டி டணக்கென்றது.
ஹெஸ்டர் சிரித்தாள்.
மூன்று வயது. இன்னும் இரவில் பால் கேட்கிறவள்.
கேட்டால் கொடுக்கிறேன்.
என் மாமியார் அதைப் பற்றிப் பேசுவதை நிறுத்தி
ஓராண்டாகிறது.

காலை ஏழு ஐம்பதுக்கு
எங்கள் தபால்பெட்டியைத் தாண்டிப் போகும்
மஞ்சள் பேருந்து.
நிற்காது. வேகம் குறையும், அவ்வளவுதான்;
அங்கே ஒரு வளைவு.
ஓட்டுகிற வெர்னா கையை உயர்த்துவாள்.
நானும் உயர்த்துவேன்,
மாவு ஒட்டிய கையை.

எங்கள் பள்ளிக்கு மணி கிடையாது.
ஃபண்டி விரிகுடாவில் நீர் ஏறுவதும் இறங்குவதும்தான்.
கோடையில், நீர் வற்றிய சிவந்த சேற்றில்
ஆல்டென் தன் பெயரைக் குச்சியால் எழுதுவான்,
மூன்றாவது எழுத்தை எப்போதும் விட்டுவிட்டு.
ஆறு மணி நேரத்தில் கடல் வந்து
ஒன்றும் சொல்லாமல் அழித்துவிட்டுப் போகும்.
அதைவிடப் பொறுமையான ஆசிரியரை நான் பார்த்ததில்லை.
ரொட்டியை நாலாக வெட்டினால் பின்னம்.
எட்டாக வெட்டினால் சண்டை.
பீட்ரூட்டில் ஊறவைத்தால் கம்பளி
ரோஜா நிறமாகும் என்றார்கள்;
எங்களுக்கு வந்தது கன்றிப்போன முழங்காலின் நிறம்.
அதிலும் ஒரு முயல் செய்தோம்.
முயலுக்கும் விழுந்து அடிபடும் என்றான்.

எல்லாம் நன்றாகப் போகிறது என்று
ஜூன் மாதம் கல்வித் துறைக்கு
ஒரு பக்கம் எழுதி அனுப்பினேன்.
'வாசிக்கிறானா' என்ற கேள்விக்கு எதிரே
'தொடங்கியிருக்கிறான்' என்று எழுதும்போது
பேனா கொஞ்சம் தயங்கியது.
ஏழு வயதாகப்போகிறது அவனுக்கு.

பிப்ரவரியில் மூன்று நாள் பனிப்புயல்.
பேருந்தும் இல்லை.
ஜன்னல் கண்ணாடியில் அவன் மூச்சின் வட்டம் மட்டும்.
இரண்டாம் நாள், கம்பளத்தில் பசை கொட்டியதற்கு
நான் கத்தினேன்.
'குரலைத் தாழ்த்து, அவன் கண்மட்டத்துக்குக் குனி' என்று
என் கையாலேயே எழுதி
ஃப்ரிட்ஜில் ஒட்டிவைத்த தாளுக்கு
முன்னால் நின்றுகொண்டே.

மேசைக்கடியில் புகுந்துகொண்டான்.
சோற்றுக்குக்கூட வெளியே தலைகாட்டவில்லை;
தட்டு உள்ளே போனது, காலியாகத் திரும்பியது.
அப்புறம் கத்தரிக்கோல் கேட்டான்.
அப்புறம் வெங்காயத்தோல் சாயம்.
அப்புறம் ஊறுகாய் ஜாடிகளின் மூடி நான்கு.

மூன்றாம் நாள் மாலை தள்ளிக்கொண்டு வந்தான்.
ஒரு டஜன் முட்டை அட்டைப்பெட்டி, மஞ்சளாக.
மூடியே கூரை.
குழிக்கு ஒரு கம்பளித் தலை,
தலைக்கு ஒரு ஓக் கொட்டைத் தொப்பி.
பதினொன்று.
பக்கவாட்டில், கரித்துண்டால், இரண்டு சொற்கள்.
முதல் எழுத்து கண்ணாடியில் தெரிவதுபோல் திரும்பி நின்றது.
மற்றதெல்லாம் சரி.

நான் சொல்லித்தந்த சொற்கள் அல்ல.
ஒவ்வொரு நாளும் ஏழு ஐம்பதுக்கு
வளைவில் வேகம் குறைத்து
அவனுக்காகவே போல்
மெதுவாகக் கடந்துபோனவை.

"இந்தக் குழி ஏன் காலி?"
"அது ஈரம். முட்டை உடைஞ்ச இடம்."
சொல்லிவிட்டுக் காதைத் தொட்டுக்கொண்டான்.
பொய் சொல்லும்போது தொடுவான்.
அவன் அப்பா கோரியும் அப்படித்தான்.

தாளைப் பார்க்காமலே குனிந்தேன்.
முழங்காலில் பசை ஒட்டியது.
எத்தனை இரவு விழித்து,
எத்தனை பேரிடம் வாதாடி,
எவ்வளவு அன்பாகக் கட்டிய வீடு இது!
அதற்குள் அவன் ஒரு வண்டி கட்டியிருக்கிறான்.
"வெர்னாவை ஒருநாள்
நிறுத்தச் சொல்லட்டுமா?" என்றேன்.
குரல் தானாகவே தாழ்ந்திருந்தது.

ரொம்ப நேரம் சக்கரத்தை உருட்டினான்.
ஒரு மூடி இன்னும் வெந்தய வாசனை அடித்தது.
"ரொட்டி சுடுற நாள் என்னைக்கு?"
"வெள்ளிக்கிழமை."
"அப்போ வெள்ளிக்கிழமை வேணாம்."